வன்னிக்குப் பெயர் நிலைத்தது, கருவேலத்துக்கு ஏன் பறிபோனது?

2026 ஜனவரி 1 முதல் மரம் செடிகளின் அறிவியல் பெயர்களெல்லாம் மாறுகின்றனவாமே என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் முடிவு இவ்வளவுதான்: 2026 ஜனவரி 1 முதல் புதிதாகச் சூட்டப்படும் பெயர் ஒரு மக்கள் பிரிவை இழிவுபடுத்தினால், அதை நிராகரிக்கக் கோரலாம். பழைய பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே பழையவற்றில் திருத்தியது, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களைக் குறிக்கும் வசைச்சொல்லில் இருந்து வந்த 'காஃப்ரா'வை மட்டும்தான். அது இனி 'அஃப்ரா'. நம் கல்யாண முருங்கைக்கு உறவான தென்னாப்பிரிக்க மரம் ஒன்றின் பெயரும் அப்படித் திருத்தப்பட்டது.

கடிதங்களில் உள்ள உண்மையான குழப்பம் வேறு. சீமைக் கருவேலத்தை அகற்றுவது பற்றிய ஆவணங்களில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று இருக்கிறது. புதிய ஆய்வுகளில் அதே மரம் நெல்டூமா ஜூலிஃப்ளோரா. நாட்டுக் கருவேலம் பள்ளிப் புத்தகத்தில் அகேசியா நிலோட்டிகா, இப்போது வாச்செலியா நிலோட்டிகா. வன்னி மட்டும் புரோசோபிஸ் சினரேரியாவாகவே இருக்கிறது. இது என்ன கணக்கு?

தாவரவியலில் ஒரு பெயரை அதன் வருணனையோடு கட்டிவைப்பதில்லை. கண் முன்னால் இருக்கும் ஒரு மாதிரியோடு கட்டிவைக்கிறார்கள். பூவும் காயுமாக ஒடித்து, உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, உலர்தாவரக் காப்பகமான ஹெர்பேரியத்தில் பூட்டிவைத்த ஒரு கிளை. அதற்கு 'டைப்' என்று பெயர். ஒரு பெயருக்கு மூலப்பத்திரம் அதுதான். வருணித்தவர் இலையைத் தப்பாக எண்ணியிருக்கலாம், பிற்காலத்தில் மரபணு ஆய்வு வந்து எல்லையை மாற்றலாம். பெயர் அந்தக் கிளையை விட்டு நகராது. 1958 முதல் டைப் எதுவென்று சொல்லாமல் வெளியிடும் இனப்பெயர் செல்லாது. பேரினத்துக்கும் அதே முறைதான். ஒரு பேரினம் உடையும்போது டைப் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர். எத்தனை இனங்கள், எந்த நாட்டு மரம் என்று விதி பார்ப்பதில்லை. மனிதர் வகுத்த விதிகளில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

வன்னியைக் காப்பாற்றியது இந்த விதி. 1767இல் தாவரவியலாளர் லின்னேயஸ் புரோசோபிஸ் என்ற பேரினத்தை வகுத்தபோது அவர் விவரித்த மரம் இந்திய வன்னி. 2022இல் மரபணுச் சான்றை வைத்து அந்தப் பேரினத்தைப் பிரித்தார்கள். அமெரிக்கக் கண்டங்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் நெல்டூமாவுக்குப் போயின, நம் சீமைக் கருவேலம் உட்பட. வன்னியோடு சேர்த்துத் தங்கியவை மூன்றே மூன்று. ஆனாலும் பெயர் மூவர் பக்கமே நின்றது. இந்தப் பிரிவினை ஆய்வகத்தோடு நிற்கும் சங்கதியும் அல்ல. விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியில் முள்ளைப் பாருங்கள்: அடி அகன்ற கட்டை முட்கள், கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். ஏரிக்கரைச் சீமைக் கருவேலத்தில் நீண்ட முட்கள் கணுவிலேயே, பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிளம்பும்.

கருவேலத்துக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. 1754இல் தாவரவியலாளர் மில்லர் வகுத்த அகேசியாவின் டைப்பாக இருந்தது கருவேல இனம்தான். பேரினம் உடைந்தபோது விதிப்படி பெயர் அதன் பக்கம் நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றால் ஆயிரத்தை ஒட்டிய ஆஸ்திரேலிய இனங்கள் பெயர் மாற வேண்டியிருக்கும். கருவேலத்தின் பக்கம் சுமார் 160தான். ஆகவே டைப்பையே மாற்றி, ஆஸ்திரேலிய மரம் ஒன்றை அந்த இடத்தில் வைக்கும்படி தாவரப் பெயர்களுக்கான குழு பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு. பரிந்துரை வேண்டாம் என்றவர்கள் 54.9 விழுக்காடு. ஆனால் அதைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பெரும்பான்மை எதிர்த்தும் பரிந்துரை நின்றது. 2011இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது.

இதற்குப் பரிந்துரையை ஆதரித்தவர்கள் தரும் விளக்கம் 'பெயர்களின் நிலைத்தன்மை'. அந்தச் சொல்லை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கண்டத்துக்கு நிலைத்தன்மை கிடைத்தது; ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பெயர்ப் பலகையை மாற்றும் வேலை வந்து சேர்ந்தது. இந்த மாநாடுகளில் தனிநபர் வாக்கோடு நிறுவன வாக்கும் உண்டு, பெரிய ஹெர்பேரியத்துக்கு ஏழு வரை. பெரிய ஹெர்பேரியங்கள் எங்கே இருக்கின்றன? வெப்பமண்டலத்தில் பறித்துக் கப்பலேற்றிய கிளைகளைச் சேர்த்துவைத்த ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில்தான் பெரும்பாலும். மரம் நிற்கும் ஊருக்கு அங்கே குரல் குறைவு. எண்ணிக்கை பார்க்காத விதியை எண்ணிக்கையைக் காட்டி மீறியதுதான் என்னை உறுத்துகிறது.

மற்றக் கேள்விகள்.

பழைய பெயரைத் தேர்வில் எழுதினால் தவறா? அதே மரத்தைத்தான் குறிக்கிறது. புதியதை அருகில் எழுதுவது நல்லது.

வெள்வேலமும் குடைவேலமும்? இரண்டும் வாச்செலியா.

கருங்காலி? அது செனகாலியா என்ற வேறு பேரினம்.

புதிய இனத்தின் வருணனையை இன்னும் லத்தீனில்தான் எழுத வேண்டுமா? 2012 முதல் ஆங்கிலமும் போதும். தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது.

டைப் மாதிரிகளைத் தமிழ்நாட்டில் பார்க்க முடியுமா? கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் இருக்கின்றன.

அகேசியா முடிவை மாற்ற வழி உண்டா? அடுத்த மாநாடு 2029இல் கேப் டவுனில். விதியைத் திருத்தும் முன்மொழிவை யார் வேண்டுமானாலும் 'டாக்சன்' இதழுக்கு அனுப்பலாம்.