காயற்கரையில் வீடு கட்டலாமா?

கொச்சிக்குப் படிக்க வந்த நம்மவர்க்குக் காயலைக் கண்டதும் எழும் ஆசை, அதன் கரையில் ஒரு வீடு. கையில் பொருளிருந்தால் போதுமா? போதாது. நிலம் உமதாயினும் அதில் கட்டும் உரிமையை வரையறுப்பது நீர்.

1991 பிப்ரவரியில் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடலோடு நில்லாமல் ஓதம் ஏறியிறங்கும் காயலையும் தழுவியது. முழுமதி, மறைமதி நாள்களை ஒட்டிவரும் பேரோதத்தில் நீர் தொடும் மேலெல்லையே உயர் ஓதக்கோடு. அளவு அங்கிருந்து தொடங்குகிறது. கட்டடம் மலிந்த நகர்ப்பகுதியில், முன்பே முறைப்படி நிற்கும் கட்டடத்துக்கோ சாலைக்கோ நிலப்புறமாகக் கட்ட இடமுண்டு. (மட்டாஞ்சேரியின் பழம் பண்டகசாலைகள் நீரோரத்திலேயே நிற்கின்றன, அவை சட்டத்துக்கு மூத்தவை.) ஊர்ப்புறத்திலோ கரையை ஒட்டிய தடைப்பகுதியில் புதுக்கட்டடம் கூடாது.

விலக்களிக்க ஊராட்சிக்கு அதிகாரமில்லை. 1991 அறிவிக்கையின்படி கேரளக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு வேண்டியிருந்தது. மரடு இதற்குச் சான்று. அங்கே 2006இல் ஊராட்சி உரிமம் தந்தது. ஆணையத்தின் இசைவோ இல்லை. மரடு பின்னர் நகராட்சியானதும் கைகொடுக்கவில்லை. உரிமம் தந்த நாளின் வகையே செல்லும் என்றாயிற்று. 2019 மே 8இல் உச்சநீதிமன்றம் இடிக்க ஆணையிட, 2020 ஜனவரி 11, 12 நாள்களில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமத்தாளை நம்பி வாங்கியவர்க்கு இடைக்கால இழப்பீடு 25 இலட்சம் ரூபாய். போன வீட்டுக்கு அது ஈடாகுமா?

2019ஆம் ஆண்டின் புதிய அறிவிக்கை, காயல் தீவுகளில் 50 மீட்டராயிருந்த தடையை 20 மீட்டராக்கியது. தூரம் குறைந்ததேயன்றித் தடை போய்விடவில்லை. முன்பணம் கொடுக்குமுன், உம் நிலம் எவ்வகையில் விழுந்திருக்கிறதென்று கடற்கரை மண்டல வரைபடத்தில் பார்த்துக்கொள்க.