படகில் ஒரு டேப்: வாங்கும் முன்பும் எல்லையருகிலும்

விசைப்படகில் உள்ள ஜிபிஎஸ் கருவி நடுக்கடலில் நின்றுவிட்டால் கைகொடுக்கட்டும் என்று டேப்லெட் வாங்குகிறவர்கள், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. இதில் ஜிபிஎஸ் சிப் இருக்கிறதா என்பதைத்தான். வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் அந்தச் சிப் கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு. வைஃபை மாடல் சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்தே இடத்தை ஊகிக்கிறது. ராமேசுவரம் கடைத்தெருவில் அது சரியான இடத்தைக் காட்டும். பாக் நீரிணைக்குள் போனபின் ஊகிக்க எதுவும் இருக்காது. ஆண்ட்ராய்டு டேப்களில் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

இதைச் சோதிப்பது எளிது. சிம்மைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, கடை வாசலில் வானம் தெரியும் இடத்தில் சற்று நேரம் வைத்திருங்கள். பிறகு தெருமுனை வரை நடந்து பாருங்கள். புள்ளி கூடவே நகர்ந்தால் சிப் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஆனால் புள்ளிக்குக் கீழே விரியும் வரைபடத்துக்கு இணையம் வேண்டும். கரையிலேயே அதை இறக்கி வைக்காவிட்டால், வெறும் நீலத் திரையில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். கூகுள் மேப்பை நம்பிப் போகவே கூடாது. அது சாலைக்கானது, ஆழமும் தெரியாது, பாறையும் தெரியாது.

சிப் இருக்கும் டேப் நல்ல துணைதான். அதற்கென்று தனி பேட்டரி இருக்கிறது. படகின் பேட்டரி இறங்கினால் ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் ஒன்றாக அணையும். அப்போதும் இது ஓடும். ஆனால் போகும் வழியெல்லாம் படம் பார்க்கப் பயன்படுத்தினால், தேவைப்படும் நேரத்தில் அதுவும் காலியாகத்தான் இருக்கும். வெயிலுக்கும் பயப்பட வேண்டும். ஐபேடைப் பயன்படுத்தச் சுற்றுவெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கோடை நண்பகலில், கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் டேப் சூடேறித் தானே அணைந்துவிடும். உப்புத்தண்ணீர் பட்ட திரை விரலுக்குக் கட்டுப்படாது. காந்தம் வைத்த உறையோடு காம்பஸ் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் முள்ளும் விலகும். ஒரு கருவி கெட்டதற்குத் துணையாக வந்தது இன்னொன்றையும் கெடுத்த கதையாகிவிடும்.

இதெல்லாம் கருவியின் குறை. இதைவிடப் பெரிய ஆபத்து எண்களில் இருக்கிறது. யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படகின் ஜிபிஎஸ் பெரும்பாலும் பாகையும் நிமிடமுமாகக் காட்டும். டேப்பில் உள்ள பல செயலிகள் பாகையைத் தசமத்தில் காட்டும். ஒரு பாகைக்கு 60 நிமிடம். தசமத்திலோ நூறு பங்கு. வடக்கு 9°30' கோட்டின் மேல் ஒரு பாடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். டேப் அதன் கிழக்கு அளவை 79.30 என்று காட்டுகிறது. உண்மையில் அது 79°18'. அதைத் தாளில் குறித்துக்கொண்டு படகின் ஜிபிஎஸ்ஸில் 79°30' என்று போட்டால் என்ன ஆகும்? இந்த அட்சரேகையில் 12 நிமிடம் என்பது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். 1974 ஒப்பந்தத்தின்படி அந்த இடத்தில் இந்திய-இலங்கை எல்லை ஏறத்தாழ 79°27'இல் போகிறது. எல்லைக்கு 16 கிலோமீட்டர் இப்பால் இருக்க வேண்டிய படகு, 5 கிலோமீட்டர் அப்பால் போய் வலை போடும். ஓட்டுநர் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. நேவி படகு வரும்வரை இருவருக்குமே தெரியாது.

மாற்று மருந்து ஒரு நிமிட வேலைதான். செயலியின் அமைப்புக்குள் போய், படகின் ஜிபிஎஸ் எந்த வடிவில் காட்டுகிறதோ அதையே டேப்புக்கும் வையுங்கள். துறைமுகத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாவிட்டால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து இடம் பிடித்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கரை தெரியும் தூரத்தில் டேப்பைச் சரிபார்க்க அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

செயலி காட்டும் எல்லைக் கோட்டையும் சட்டக் கோடாக நினைக்கக் கூடாது. சட்டத்தின் கோடு 1974, 1976 ஆண்டுகளில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் புள்ளி புள்ளியாக எழுதப்பட்டிருக்கிறது. பொது வரைபடச் செயலிகள் அதைக் குத்துமதிப்பாக இழுத்திருக்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி தமிழிலேயே எல்லை எச்சரிக்கை தருகிறது. அதை வைத்துக்கொண்டு, எச்சரிக்கைத் தூரத்தைத் தாராளமாக வையுங்கள். நீரோட்டமும் காற்றும் எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திருப்பதில்லை.

“டேப் தப்பாகக் காட்டிவிட்டது” என்பது இலங்கை நீதிமன்றத்தில் உங்களை விடுவிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் பற்றிய அவர்களது 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, அபராதம் படகின் நீளத்துக்கேற்பப் பல மடங்கு உயர்ந்தது. இழுவலைக்கு அங்கே 2017 முதல் தடை. ஆனால் பிடிபட்டவருக்கும் உரிமை உண்டு. தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, கைதானதை இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்; மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். படகுப் பதிவுச் சான்றும் மீனவர் அடையாள அட்டையும் படகிலேயே இருக்கட்டும். 2008 அக்டோபரில் இரு அரசுகளும் செய்துகொண்ட புரிதல் இவற்றைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறது. டேப்பில் பதிவான தடம் எல்லை தாண்டவில்லை என்று காட்ட உதவலாம். தாண்டியிருந்தால் அதே தடம் எதிர்ச்சாட்சி.

இனி, உதவி கேட்பது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைதான் டவர் கிடைக்கும். அதற்கப்பால் டேப் வழி காட்டுமே தவிர யாரையும் கூப்பிடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, டேப்போடு ப்ளூடூத்தில் இணையும் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் மெசெஞ்சரை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் ஃபோனோ அத்தகைய கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். கடலோரத்தில் சந்தேகமும் கூடும். சட்டபூர்வமான வழி இருக்கிறது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால் பெங்களூரு மையம் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி போகும். அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி பதில் செய்தியும் தரும். மத்திய அரசுத் திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் படகுக்கு எப்போது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். டவர் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீஸுக்கு 1093. வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல்.

வாங்கிய டேப் ஏமாற்றினால்? “படகுக்கு வாங்கினீர்கள், அது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் அல்ல” என்று கடைக்காரர் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. தன் படகில் தானே கடலுக்குப் போகிறவர் நுகர்வோர்தான். பல படகு வைத்துக் கூலிக்கு ஆள் அனுப்புகிறவர் விஷயத்தில் எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. ஜிபிஎஸ் உண்டு என்று விளம்பரம் செய்து, சிப் இல்லாத டேப்பை ஆன்லைனில் அனுப்பியிருந்தால், அதைத் திரும்ப வாங்க மறுக்கும் உரிமை விற்பனையாளருக்கு இல்லை. தண்ணீர் பட்டதற்கு மட்டும் வாரண்டியில் இடம் தேடாதீர்கள். ஐபி68 என்ற முத்திரை நல்ல தண்ணீரில் செய்த சோதனைக்கு உரியது. தண்ணீரால் வரும் சேதத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதில்லை.

முதலில் 1915இல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் கடலுக்குப் போகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த டேப்பில் அல்ல, வேறொரு ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.