சோலார் பேனல் வாங்குறதுக்கு முன்னாடி ஃபேக்டரியில இருக்கிற ஓட்டையை அடைங்க!

முறுக்கு, மிக்சர், தோசை மாவு, ஊறுகாய், ஐஸ்கிரீம்னு உணவுப் பொருள் தயாரிக்கிறவங்ககிட்ட கரண்ட் செலவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே, அடுத்து வர்ற கேள்வி ஒண்ணுதான்: “கூரை மேல எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?” சோலார் நல்ல முதலீடுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது ரெண்டாவது வேலை. வீணாகிற கரண்டுக்கும் சேர்த்து பேனல் போட்டீங்கன்னா, அந்த வீணுக்கே கடன் வாங்கி இ.எம்.ஐ. கட்டுறீங்கன்னு அர்த்தம்.

ஒரு சின்ன கணக்கு பார்க்கலாம். ஸ்நாக்ஸ் பாக்கெட் போடுற மெஷின்கள் பெரும்பாலும் கம்ப்ரஸர் காற்றுலதான் ஓடுது. அந்த லைன்ல, 7 பார் அழுத்தத்துல, வெறும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்குன்னு வச்சுக்குவோம். அது வழியா போற காற்றைத் திரும்ப நிரப்ப கம்ப்ரஸருக்கு சுமார் 3 கிலோவாட் தேவைப்படும். ரெண்டு ஷிப்ட், அதாவது 16 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஓடினா 14,400 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டா ₹1,15,200. நம்ம நாட்டு கிரிட் கரண்ட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. அப்படிப் பார்த்தா இந்த ஒரு ஓட்டையால வருஷத்துக்கு 10 டன்.

இப்போ இதையே சோலார் கணக்குல பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். 14,400 யூனிட் வேணும்னா கிட்டத்தட்ட 10 கிலோவாட் பேனல் போடணும். லட்சக்கணக்குல செலவு. அந்த ஓட்டையை அடைக்க ஒரு ஃபிட்டிங், கொஞ்சம் டேப், அரை மணி நேர வேலை!

உங்க யூனிட்ல எவ்வளவு லீக் இருக்குன்னு கண்டுபிடிக்க கன்சல்டன்ட் வேண்டாம். சாப்பாட்டு நேரத்துல காற்று எடுக்கிற எல்லா மெஷினையும் நிறுத்துங்க. கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்க. யாருமே காற்று எடுக்கலைன்னா, டேங்க் நிரம்பினதும் அது லோடு எடுக்கவே கூடாது. ஆனா எடுக்கும், பாருங்க. எவ்வளவு நேரம் லோடுல ஓடுது, எவ்வளவு நேரம் சும்மா இருக்குன்னு மொபைல்ல டைம் எடுங்க. ஒன்றரை நிமிஷம் லோடு, நாலரை நிமிஷம் ஓய்வுன்னா, மொத்தம் ஆறு நிமிஷத்துல ஒன்றரை நிமிஷம். அதாவது கம்ப்ரஸர் தர்ற காற்றுல 25% லீக். சரியா பராமரிக்காத இடங்கள்ல 20 முதல் 30% லீக் சர்வசாதாரணம். அதுக்கப்புறம் சோப்புத் தண்ணியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டா பார்க்க வேண்டியதுதான். அழுத்தத்தையும் கவனிங்க. மெஷினுக்கு 6 பார் போதும்னா 7ல வைக்க வேண்டாம். ஒரு பார் குறைச்சாலே கம்ப்ரஸர் கரண்ட்ல 6 முதல் 10% மிச்சம்.

சூட்டைத் தரையில ஊத்தாதீங்க

உணவுத் தொழில்ல பெரிய செலவு பல இடங்கள்ல கரண்ட் இல்லை, சூடுதான். வறுக்க, பொரிக்க, அவிக்க, உலர்த்த எல்லாத்துக்கும் சூடு வேணும். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒண்ணு எரிஞ்சா சுமார் 57 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு தட்டு முறுக்கு கருகிப் போச்சுன்னா மாவும் எண்ணெயும் மட்டுமா போச்சு? கேஸும் போச்சு. அதனால ரிஜெக்ட் குறைக்கிறதும் எரிபொருள் சேமிப்புதான்.

பாய்லர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. நீராவி வேலையை முடிச்சதும் சுடுதண்ணியா மாறும், அதைத்தான் கண்டன்சேட்னு சொல்றோம். நிறைய யூனிட்ல அதை அப்படியே சாக்கடையில விட்டுடுறாங்க. அதைத் திரும்ப பாய்லர் டேங்குக்குக் கொண்டு வந்தா, உள்ளே போற தண்ணியோட சூடு 6 டிகிரி கூடும்போதெல்லாம் எரிபொருள் சுமார் 1% குறையும். 30 டிகிரியில போற தண்ணி 60 டிகிரியில போனா 5%. மாசம் 3 லட்சத்துக்கு எரிபொருள் வாங்குறவருக்கு 15,000 ரூபாய். ஏற்கனவே சாஃப்ட்னர்ல சுத்தம் செஞ்ச தண்ணிங்கிறதால அந்தச் செலவும் மிச்சம். உணவுப் பொருள் கலந்துடாத தண்ணியா இருக்கணும், அது மட்டும் முக்கியம். நீராவி குழாய்க்கு இன்சுலேஷன் போடுறதைத் தனியா சொல்லணுமா என்ன?

கழிவுநீரும் காசுதான். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள்ல மரவள்ளி மாவு கலந்த கழிவுநீர் நிறைய வரும். அதைத் திறந்த குட்டையில விட்டா நாற்றம், அதோட மீத்தேன். மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதையே மூடி, பயோகேஸா பிடிச்சு, ஜெனரேட்டர் ஓட்டுறதுக்கும் சூட்டுக்கும் பல ஆலைகள் பயன்படுத்துறாங்க.

கூலிங் கேஸ்: யாரும் கணக்குல சேர்க்காத விஷயம்

கோல்டு ரூம் சரியா குளிரலைன்னா மெக்கானிக் வந்து, “கேஸ் குறைஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணிடுறேன்”னு சொல்வார். நல்லா யோசிங்க. பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை அது. குறைஞ்சிருக்குன்னா வெளியே போயிருக்கு. ஆர்-404ஏ கேஸ் ஒரு கிலோ வெளியேறினா, சுமார் 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம். 5 கிலோ டாப்-அப் பண்ணினா, கிட்டத்தட்ட 20 டன் ஏற்கனவே போயாச்சு. இது 28,000 யூனிட் கிரிட் கரண்டுக்கு ஈடு! பணமும் போகுது: கேஸ் குறைஞ்ச மெஷின் அதிக நேரம் ஓடும். லீக்கைக் கண்டுபிடிச்சு அடைக்காம டாப்-அப் பண்ண விடாதீங்க. புதுசா வாங்குறவங்க ஆர்-290 மாதிரி கேஸ்ல வர்ற மெஷினைக் கேட்டுப் பாருங்க. கதவுக்கு ஸ்ட்ரிப் கர்ட்டன் போடுங்க. தேவைக்கு மேல குளிர வைக்காதீங்க; காயில் ஒரு டிகிரி கூடுதலா இருந்தாலே சுமார் 3% கரண்ட் மிச்சமாகும்.

ஒரு விஷயத்துல குழப்பிக்க வேண்டாம். எச்.டி. கனெக்‌ஷன்ல 150 கே.வி.ஏ. வாங்கி வச்சுக்கிட்டு 105தான் தொடுறீங்கன்னா, 90% கணக்குல 135க்குக் கட்டணம் கட்டுறீங்க. கே.வி.ஏ.க்கு 600 ரூபாய் வீதம் மாசம் 18,000 ரூபாய் சும்மா போகுது. டிமாண்டைக் குறைக்க எழுதிக் கொடுங்க. 25% கூடுதல் கட்டணம் வர்ற பீக் அவர்ல ஓடுற வேலையை வேற நேரத்துக்கு மாத்துங்க. இதெல்லாம் பில்லைக் குறைக்கும், ஆனா கார்பனைப் பெருசா குறைக்காது. உங்ககிட்ட சரக்கு வாங்குற பெரிய கம்பெனி கேட்கப்போறது ரெண்டாவதைத்தான். செபி விதிப்படி டாப் 1,000 லிஸ்டட் கம்பெனிகள் சுற்றுச்சூழல் விவரங்களோட அறிக்கை தரணும்; அந்தக் கேள்விகள் மெல்ல மெல்ல சப்ளையர்கள் பக்கமும் வருது. மாசாமாசம் யூனிட், கேஸ், டீசல், டாப்-அப் கிலோ நாலையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஆர்டர் கைவிட்டுப் போகாம இருக்க அது உதவும்.

பணம் வேணும்னா, 2025 ஜூலையில மத்திய அரசு தொடங்கின அடீட்டி திட்டத்துல உணவுப் பதப்படுத்தலும் இருக்கு. எனர்ஜி சேமிக்கிற மெஷினுக்கு வாங்குற கடன்ல குறு, சிறு நிறுவனங்களுக்கு 5% வட்டி மானியம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3%. ஆடிட் செலவுக்குத் தமிழ்நாடு அரசோட பீஸ் திட்டம் இருக்கு, மாவட்டத் தொழில் மையத்துல விசாரிங்க.

லீக், சூடு, கூலிங் இந்த மூணையும் சரி பண்ணிட்டு மூணு மாசம் பில்லைக் கவனிங்க. மாசம் 20,000 யூனிட் வந்த இடத்துல 16,000 வருதுன்னா, அந்த 16,000 யூனிட் பில்லைக் கையில வச்சுக்கிட்டு சோலார் கம்பெனிகிட்ட கொட்டேஷன் கேளுங்க.