ஒண்ணா, ரெண்டா? கண் படிப்பின் இருட்டறைக்குள் ஓர் எட்டிப்பார்வை

கண் டெஸ்டிங் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பிடி வைத்த சின்னக் கருவி ஒன்றை நம் கண்ணுக்கு நேரே இப்படியும் அப்படியும் அசைப்பார்களே, அப்போது எதிரே இருப்பவருக்கு என்ன தெரிகிறது தெரியுமா? நம் கண்பாப்பாவுக்குள் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஓர் ஒளிக்கீற்று ஓடுகிறது! விழித்திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. கருவி போகிற திசையிலேயே கீற்றும் போனால் 'வித்'. எதிர்த்திசையில் ஓடினால் 'எகெய்ன்ஸ்ட்'. நடுவில் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் ஓட்டம் நின்று பாப்பா முழுவதும் பளீரென்று நிரம்பிவிடும். கருவிக்கும் கண்ணுக்கும் இடைவெளி 67 சென்டிமீட்டர் என்றால், கிடைத்த எண்ணில் ஒன்றரை டயாப்டரை (லென்ஸ் சக்தியின் அலகு) கழிக்க வேண்டும். இதோ உங்கள் பவர்! இதுவரை நீங்கள் ஓர் எழுத்தைக்கூடப் படித்துக் காட்டவில்லை.

இந்தக் கருவியின் பெயர் ரெட்டினாஸ்கோப். ஆப்டோமெட்ரி, அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கும் படிப்பு, படிக்க வரும் பிள்ளைகள் முதலில் மயங்குவதும், முதலில் திண்டாடுவதும் இதனிடம்தான். பேசத் தெரியாத கைக்குழந்தை, காது கேளாதவர், எழுத்தறியாத பாட்டி என எல்லோருடைய கண்ணும் இதற்குத் தானாகவே பதில் சொல்லிவிடும். முதல் சில வாரங்கள் மனிதக் கண்ணே கிடையாது. மேசைமேல் நிற்கும் மாதிரிக் கண்ணோடுதான் பழக்கம். பவரை ஆசிரியர் ரகசியமாக மாற்றி வைப்பார், மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். அதில் கை பழகிய பிறகு, பக்கத்து பெஞ்சில் இருக்கும் தோழிதான் முதல் 'பேஷன்ட்'.

ஆமாம், இந்தப் படிப்பில் எல்லோரும் மாறி மாறி நோயாளிகள்! பாப்பாவை விரிக்கும் டிராபிகமைட் சொட்டு மருந்துப் பயிற்சி நாள்தான் வேடிக்கையின் உச்சம். மருந்து விட்ட பாதி வகுப்புக்கு மதியம் வரை கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளியாது. செல்போனை முழ நீளம் தள்ளிப் பிடித்தாலும் எழுத்து மங்கும், வாசல் வெளிச்சம் கூசும். அந்த விரிந்த கண்களுக்குள் மற்ற பாதி வகுப்பு, கையில் 90 டயாப்டர் லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கி வழியாக எட்டிப் பார்க்கும். விழித்திரை தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். பார்த்ததை மனத்துக்குள் திருப்பிப் போட்டுக் கலர் பென்சிலால் வரைய வேண்டும். தமனி சிவப்பு, சிரை நீலம், கண்ணுக்குள் திரவத்தில் மிதக்கும் மங்கல் பச்சை. இத்தனை வண்ணப் பென்சில்கள் தேவைப்படும் வேறொரு மருத்துவப் படிப்பை நான் அறியேன்.

கண் அழுத்தம் பார்க்கும் நாள் இன்னும் அழகு. மரத்துப்போகச் சொட்டு மருந்து, அதன்மேல் ஃப்ளோரசீன் சாயம், பிறகு நீல வெளிச்சம். கருவியின் முனை கருவிழியை மெல்லத் தொட்டதும் இரண்டு பச்சை அரைவட்டங்கள் முளைக்கும். குமிழைத் திருப்பி, அவற்றின் உள்விளிம்புகளைச் சரியாக ஒட்டவைக்க வேண்டும். அப்போது தட்டையாவது 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் மட்டுமே. அந்த நேரத்தில் குமிழ் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் கண்ணின் அழுத்தம், வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள். முதன்முறை தோழியின் கருவிழியைத் தொடப்போகும் கை நடுங்காமல் இருக்குமா!

இவையெல்லாம் நடப்பது நம் ஊர்ப் பக்கத்தில்தான். செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு போன்ற பல்கலைக்கழகங்களில் ஆப்டோமெட்ரி இளநிலைப் பட்டமான பி.ஆப்டம் இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்புமாகப் படிக்கிறார்கள். கொஞ்சம் வடக்கே பரங்கிமலையில் இந்தக் கதைக்கெல்லாம் தாய்வீடு: எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி. 1978-ல் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத், 1985-ல் இதைத் தொடங்கினார். இந்தியாவில் நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்புக்கு வழிபோட்ட பள்ளி இது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆப்டோமெட்ரி பள்ளியின் டீன் ஜே ஈனாக் உடனிருந்து தோள் கொடுத்தார். பட்டம் வழங்கப் பிலானியின் பிட்ஸ் நிறுவனம் கைகோத்தது. ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், கத்தி பிடிக்காத கண் வல்லுநர்களை உருவாக்க ஒரு பள்ளி வேண்டும் என்று அப்போதே நினைத்தாரே, அதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

அமெரிக்காவில் இதே இருட்டறைக்கு வாசல் வேறு. அங்கே ஆப்டோமெட்ரி ஒரு தொழில்முறை டாக்டர் பட்டம்: டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி, சுருக்கமாக ஓ.டி. பெரும்பாலோர் முதலில் நான்காண்டு இளநிலை முடித்து, ஓ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வைத் தாண்டி, அப்புறம் இன்னொரு நான்காண்டு படிக்கிறார்கள். உரிமம் பெற தேசிய வாரியத்தின் மூன்று கட்டத் தேர்வு. கடைசிக் கட்டத்துக்கு வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்கே நேரில் போக வேண்டும். ஒக்லஹோமா மாநிலம் 1998 முதல் ஓ.டி. படித்தவர்கள் சிலவகை லேசர் சிகிச்சை செய்யவும் அனுமதிக்கிறது. நம் ஊரில் பி.ஆப்டம் முடித்தவர்களுக்கும் ஒரு சுருக்குவழி உண்டு. பாஸ்டனின் நியூ இங்கிலாந்து காலேஜ் ஆஃப் ஆப்டோமெட்ரி, வெளிநாட்டு ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறது. நம் நாட்டிலேயே மேலே படிக்கிறவர்களுக்கு எம்.ஆப்டம், பிஎச்.டி. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் இடம்பெற்றது, வெகுகாலம் காத்திருந்த நியாயம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' சேரும் பாதை நம் பிள்ளைகளுக்கும் அகலமாகத் திறக்க வேண்டும் என்பது என் ஆசை. பதினெட்டு வயதிலேயே ரெட்டினாஸ்கோப்பைப் பிடிக்கும் கைகளுக்கு அந்தத் தகுதி இருக்கிறது.

சரி, இருட்டறையை விட்டு வெளியே வாருங்கள். இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உலகில் எங்கே இருக்கும் என்று என்னை மலைக்க வைப்பது மாமல்லபுரம். உளிச்சத்தம் ஓயாத பட்டறைத் தெருக்கள். சிலையின் வேலை எல்லாம் முடிந்தபின், கடைசியாகக் கண் திறப்பார்கள். கல்லுக்குப் பார்வை கொடுக்கும் அந்தச் சிற்பிக்கு நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது! பாடத்திட்டத்தில் 'ஆக்குபேஷனல் ஆப்டோமெட்ரி' என்றொரு தாள் உண்டு. தொழிலைப் பார்த்துக் கண்ணாடி கொடுக்கும் கலை அது. இங்கே அது உயிர் பெறுகிறது.

கிளினிக்கில் கிட்டத்தில் படிக்கும் அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடிப்பது வழக்கம். கண்ணின் சொந்த ஃபோகஸ் சக்தி முழுக்கத் தீர்ந்துபோனவருக்கு அந்தத் தூரத்தில் இரண்டரை டயாப்டர் வேண்டும். சிற்பியின் கல்லோ உளியும் சுத்தியும் வீசக் கைக்கு இடம்விட்டு 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். அங்கே தேவை ஏறத்தாழ 1.67 தான். நடைபாதையில் வாங்கிய 'ரீடிங் கிளாஸ்' செய்தித்தாளைக் காட்டும், சிலையின் இமையை மங்கலாக்கும். ஆகவே நல்ல மாணவி பவர் பார்க்குமுன் டேப்பை எடுக்கிறாள். "ஐயா, நீங்க வேலை செய்யற மாதிரியே உக்காருங்க, அளந்துக்கிறேன்." அடுத்து லென்ஸின் பொருள். கிரைண்டரில் கல் சில்லு தெறிக்கும் இடத்தில் கண்ணாடி லென்ஸ் ஆபத்து. பாலிகார்பனேட் வேண்டும், பக்கவாட்டிலும் மறைப்பு வேண்டும். கருவிழியில் குத்திய கருங்கல் துணுக்கைப் பார்த்தவர் யாரும் இதில் சமரசம் செய்யமாட்டார்கள்.

கண்ணாடி வெறும் சௌகரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த கொழுந்து பறிப்பவர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது! இலைக்கே இவ்வளவு என்றால், தெய்வத்தின் இமைவரி செதுக்குபவருக்கு எவ்வளவு?

சிற்பிக்குக் கடைசியில் ஒரு கேள்வி, அது எனக்கு மிகப் பிடித்தது. கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரைத் துல்லியமாக்க ஒரு லென்ஸைப் புரட்டிப் புரட்டிக் கேட்பார்கள்: "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" பெரியவர் தயங்குவார். "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு." தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் குரலில் இருக்கும். உள்ரகசியம் என்னவென்றால், அந்தப் பதிலுக்காகத்தான் மாணவி காத்திருக்கிறாள்! இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பவர் சரியாக வந்துவிட்டது என்று பொருள். இனி டெஸ்டிங்கில் அப்படித் தெரிந்தால் தயங்காமல் "ஒரே மாதிரி" என்று சொல்லுங்கள்.

கடலோரத்தில் வேறு பாடம். கோவளம் முதல் கொக்கிலமேடு வரை, நாள் முழுக்க வெயிலும் மணலும் நீரும் திருப்பியடிக்கும் வெளிச்சத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளைவிழியிலிருந்து கருவிழிமேல் சதை வளரலாம். நீர்ப்பரப்பிலிருந்து வரும் கூச்சம் பெரும்பாலும் கிடைவாக்கில் துருவமான ஒளி. அதைத்தான் போலரைஸ்டு கண்ணாடி தடுக்கிறது. முதலாண்டு இயற்பியல் படகில் ஏறும் இடம் இது. கடலை விட்டு உள்ளே வந்தால், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், 1955 முதல் மத்திய தொழுநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தொழுநோய் நரம்பைத் தாக்கினால் இமை மூடாது, கருவிழிக்கு உணர்ச்சி போய்விடும், தூசி விழுந்தாலும் தெரியாது. சோதிக்கப் பஞ்சிழை ஒன்று போதும்: கருவிழியைத் தொட்டால் கண் சிமிட்டுகிறதா என்று பார்ப்பது.

பள்ளி முகாம்களைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 2050-க்குள் உலகில் பாதிப்பேருக்குத் தூரம் மங்கும் கிட்டப்பார்வைக் குறை வரலாம் என்று கண் ஆய்வாளர் பிரையன் ஹோல்டன் குழு 2016-ல் கணக்கிட்டது. அதனால் பள்ளிகளில் கண் பார்க்கும் ஒவ்வொரு கையும் இன்று தங்கம். அங்கே துப்பறியும் வேலைதான் நடக்கிறது. எழுத்து தெரியாத வாண்டுக்கு ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போட்ட படங்கள். "கண்ணு, இது என்ன?" அடுத்து ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைப்பார்கள். இடக்கண்ணை மூடினால் சிரிக்கும் குழந்தை, வலக்கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டு அழுதால், அழுகையே சாட்சி: இடக்கண் சரியாகப் பார்க்கவில்லை. சோம்பல் கண்ணாக இருக்கலாம். சிறு வயதிலேயே பிடித்தால் மீட்கலாம். நல்ல கண்ணைத் தினம் மணிக்கணக்கில் மூடிவைப்பதுதான் பழைய வழக்கம். குறை மிதமாக இருந்தால், தினம் 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று 2003-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்த 2 மணி நேரத்தை எப்படி விளையாட்டாக்குவது, எந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வது என்று அம்மாவோடு உட்கார்ந்து திட்டம் போடுவதும் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்ததுதான்!