கண்டற்காடும் கரையோரக் குடிகளும்

முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர், அளம்பிலையும் நாயாற்றையும் கடந்து, கொக்குத்தொடுவாயையும் தாண்டிக் கொக்கிளாயை அடைவர். கிழக்கே கடல், மேற்கே களப்பு, இடையே மணற்பாங்கான ஒரு நிலம். பேராறு முதலியன கொணரும் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியே புகும் உவர்நீரும் இக்களப்பிலே கலக்கின்றன. அவ்விரு நீரும் கூடுமிடமே கண்டலுக்கு உவப்பான இடம். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்கும் கண்டல் புதிதன்று. தில்லை மரமோ ஒரு திருத்தலத்துக்கே பெயர் கொடுத்தது. அதன் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்பதை விறகுக்குச் செல்வோர் நன்கறிவர்.

ஊரின் பெயரைக் கேட்டமாத்திரத்தே கொக்கு நம் நினைவுக்கு வருகின்றது. நாரையும் கூழைக்கடாவும் பிறவும் இங்கு வந்து கூடும். அப்பறவைகளின் பொருட்டு, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1951ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி இக்களப்பு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1990இல் அதன் பரப்பு 1,995 ஹெக்டேயர். சரணாலயம் என்றதும் மனிதரை வெளியேற்றி வேலியடைத்த இடமென்று வாசகர் எண்ணவேண்டா. தேசிய வனம் வேறு, சரணாலயம் வேறு. சரணாலயத்துள் தனியார் நிலமும் இருக்கலாம். வழிவழி வந்த தொழிலும் நடக்கலாம்.

ஆயின் விதி வேறுவிதமாக அமைந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் 2009இல் முடிந்த பின்னரே அவர்கள் மீளக் குடியேற முடிந்தது. கால் நூற்றாண்டு ஏர் காணாத வயலிலே காடு மண்டாமல் வேறென்ன மண்டும்? அக்காட்டையே வனமென்று கொண்டு எல்லைக்கல் நாட்டினர் என்பது வன்னிக் குடிகள் பலரின் முறையீடு. காட்டைக் காக்க வருவோரை ஊரார் ஐயத்தோடு பார்ப்பது இதனாலேதான். அவ்வையத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமன்று.

மாறான வழியொன்றும் இந்நாட்டிலே முயன்று பார்க்கப்பட்டதுண்டு. புத்தளம், சிலாபம் பகுதிகளிலே கண்டலை அழித்து இறால் பண்ணைகள் எழுந்தன. பின்பு நோய் தாக்கவே பல பண்ணைகள் பாழாகக் கைவிடப்பட்டன. அந்தச் சிலாபத்திலிருந்தே இயங்கும் சுதீச என்னும் சிறு மீனவர் சம்மேளனம், அமெரிக்காவின் சீக்கொலஜி அமைப்போடும் இலங்கை அரசோடும் கைகோத்து, 2015இல் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டின் 48 களப்புகளையும் சார்ந்த 1,500 சிறு சமூகங்கள், சமூகமொன்றுக்குச் சராசரி 21 ஏக்கர் கண்டலைக் காப்பது. பதிலாக, அச்சமூகங்களின் வறிய பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் பெறுவது என்பது உடன்பாடு. வெறுங்கையோடு வந்து காவல் செய்யக் கேளாத நேர்மையை இதிற் காண்கிறோம்.

நடுகையை மட்டும் நம்புவோர் 2017இல் வெளியான ஓர் ஆய்வையும் பார்த்தல் நன்று. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஆர்வத்தோடு கண்டல் நட்ட 23 இடங்களை அது ஆராய்ந்தது. ஒன்பது இடங்களிலே ஒரு கன்றும் பிழைக்கவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையிலான நடுகையில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயரே. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், கன்றைக் கடித்த மாடு, நட்டபின் திரும்பிப் பாராமை ஆகியவையே காரணங்கள். எந்த மேட்டிலே எந்த மரம் வேரூன்றும் என்பதைக் களப்பிலே வலை வீசுபவனிடம் முன்னரே கேட்டிருக்கலாம்.

கொக்கிளாய்க்கு இன்று வேறொரு நெருக்கடியும் உண்டு. தெற்கே புல்மோட்டையிற் பல பத்தாண்டுகளாக அகழப்படும் கனிய மணற் படிவம், முகத்துவாரத்துக்கு வடக்கேயும் கிடக்கின்றது. அதனை அகழும் முயற்சிக்கு ஊரார் எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றனர். அந்த ஊராரும் வனத்துறையினரும் ஒரே பந்தலின் கீழ் அமர்வாராயின், முதலிற் பேசவேண்டியது வயல் எது, வனம் எது என்பதே. 1984க்கு முன் அவ்வயல்களிலே ஏர்பிடித்த முதியவர் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.