பியானோவும் யாழும்: ஒரு சொல்லாய்வு

இலத்தீனில் 'சமமான' எனப் பொருள்படும் 'பிளானுசு' என்பதன் வழிவந்த இத்தாலியச் சொல் 'பியானோ'. இசையில் இது 'மெல்லென' என்றும், 'ஃபோர்த்தே' என்பது 'வல்லென' என்றும் பொருள்படும். புளோரன்சு நகரில் கிறிஸ்டோபோரி செய்த கருவியை, மெடிச்சி குடும்பத்தின் 1700-ஆம் ஆண்டு இசைக்கருவிப் பட்டியல், மெல்லோசையும் வல்லோசையும் தருவது எனக் குறித்தது. அதனின்று 'பியானோஃபோர்த்தே' என்னும் பெயர் தோன்றிப் பின் 'பியானோ' எனக் குறுகிற்று. ஓசையின் பண்பு கருவிக்குப் பெயராயினமையின் இது பண்பாகுபெயரின்பாற்படும்.

'யாழ்' இதற்கு மறுதலையாகச் சென்றது. கருவியின் பெயர் அதிற் பிறக்கும் பண்ணுக்கு ஆயிற்று. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பன கருவிகள். பாலையாழ், குறிஞ்சியாழ், மருதயாழ், செவ்வழியாழ் என்பனவோ பெரும்பண்கள் நான்கு. கூடலின் வைகறையைப் புனையும் மதுரைக்காஞ்சி, யாழ் வாசிப்போர் மருதத்தை இசைத்தலைக் கூறுமிடத்துக் கருவியையும் பண்ணையும் வேறாகவே காட்டும்.

எனினும், நம்பியகப்பொருள் யாழையும் பண்ணையும் தனித்தனிக் கருப்பொருளாக எண்ணுதலின், மருதயாழ் என வருமிடமெல்லாம் கருவியே என மயங்குதல் எளிது. அம்மயக்கம் பண்டை இசைமரபையே பிறழ உணர்த்தும். ஆதலின், இச்சொல்லுக்கு நூலும் இடமும் நோக்கிப் பொருள் கோடலே முறையாம்.