தண்ணீர் இறங்கும் மலையில் ஏறும் ஜீப்புகள்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே தேனி மாவட்டத்துக் கூடலூரில் ஜீப்புகளின் ஹாரன் கேட்கத் தொடங்கிவிடும். தெருமுனையில் பெண்கள் காத்து நிற்பார்கள். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, கையில் தூக்குவாளி. கேரளத்து மழைக்கு மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள் இடுப்பில் இருக்கும். ஒவ்வொரு ஜீப்பும் அளவுக்கு மீறி ஆளை ஏற்றிக்கொண்டு குமுளிப் பக்கம் திரும்பும். போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டிப் போடிமெட்டுக்கும், கம்பத்து ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் ஏறும். எல்லாம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத்தான்.

ஒருநாள் குமுளி வரை நானும் அப்படியொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அக்காவிடம், "வயல் வேலைக்கே போறதில்லையாக்கா?" என்று கேட்டேன்.

"நடவுக்கு நாலு நாளு கூப்பிடுவாக தம்பி. மிச்ச நாளெல்லாம் யாரு கூப்பிடுவா? மலைதான் கூப்பிடுது" என்றார்.

என் அப்பத்தா ஒரு நாள்கூட வேலைக்காக மலை ஏறியதில்லை. அவர் வாழ்க்கை முழுக்க ஆயக்கட்டு வயலிலேயே முடிந்தது. நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, களத்தில் தூற்ற என்று இரண்டு போகத்துக்கும் வேலை இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் அந்த வேலை எங்கே போயிற்று என்று பார்த்தால் தேனி மாவட்டத்தின் கதை முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர். இரண்டுக்கும் நடுவில் கூடலூரிலிருந்து தேனி வரை நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. மதுரையிலிருந்து பிரிந்து 1996-இல் தனி மாவட்டமான தேனிக்கு ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், தேனி என்று ஐந்து தாலுகாக்கள். 2011 கணக்கெடுப்பில் 12.46 லட்சம் மக்கள். கன்னடம் பேசும் காப்பிலியர், தெலுங்கு பேசும் குடும்பங்கள், கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர்கள், பிரமலைக் கள்ளர்கள், தலித் மக்கள், மலையில் பளியர்கள் என்று பலரும் சேர்ந்து உருவாக்கிய ஊர்கள் இவை. கம்பத்தில் மாட்டுப் பொங்கலன்று தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே மாடும் குடும்பத்தில் ஒன்று என்பது புரியும்.

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் சாரலோடு நின்றுவிடும். முல்லைப் பெரியாறும் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ராமநாதபுரம் சமஸ்தானத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யோசித்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் அந்த யோசனையைக் கட்டாயமாக்கியது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். அடுத்த ஆண்டு தொடங்கிய அணை வேலை ஜான் பென்னிகுயிக் தலைமையில் நடந்து 1895-இல் முடிந்தது. காட்டுக்குள் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பலியான கூலித் தொழிலாளர்கள் ஏராளம். ஒரு மைலுக்கும் அதிகமாக மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கியது.

திட்டம் தீட்டியவர்கள் மனதில் இருந்தது மதுரை, மேலூர், சிவகங்கைப் பக்கத்து வறண்ட நிலம். ஆனால் தண்ணீர் போகும் வழியில் இருந்த கம்பம் பள்ளத்தாக்குதான் முதலில் நனைந்தது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இரு போக வயலானது. பென்னிகுயிக் படம் மாட்டிய வீடுகளும் கடைகளும் இங்கே இன்றும் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அப்பத்தா காலத்தில் ஜூன் 1-ஆம் தேதி சுரங்கத்தில் ஷட்டரைத் தூக்குகிறார்கள் என்றால் ஊரே அதற்கு முன்பு வாய்க்கால் தூர் வாரி வைத்திருக்கும். உத்தமுத்து, பாளையம்பரவு வாய்க்கால்களில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் நாற்றங்கால் பச்சை பிடிக்கும். நடவுக்கு வரிசையாக இறங்கும் பெண்கள் குலவை போட்டுத்தான் முதல் நாற்றை ஊன்றுவார்கள். கூலி பெரும்பாலும் நெல்லாகவே கிடைத்தது. அறுப்பு முடிந்து களத்தில் முந்தியை விரித்து நின்றால் பண்ணைக்காரர் அளந்து போடுவார். மரக்காலைத் தலைதட்டி அளந்தாலும் வாய் திறக்க முடியாது என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். அதனால் பழைய நாளைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேலை நிச்சயமாக இருந்தது. நிமிர்ந்து நிற்கும் உரிமைதான் இல்லை.

இன்று அதே சாலையில் போனால் நெல்லைத் தேடிப் பார்க்கவேண்டும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை திராட்சைப் பந்தல். கல்கால் ஊன்றி, கம்பி இழுத்து, கொடியை மேலே படரவிட்டிருப்பார்கள். உள்ளே குனிந்து நுழைந்தால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். தலைக்கு மேலே கறுத்துத் தொங்கும் பன்னீர் திராட்சைக் குலைகள். கவாத்து செய்து நான்கு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்னே பின்னே வைத்து ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூக்கும் நேரத்தில் ஒரு வாரம் மூடுபனி விழுந்தால் போதும், செவட்டை நோய் வந்து மொத்தக் காசும் மருந்துக்கடைக்குப் போய்விடும்.

சின்னமனூர்ப் பக்கம் திசு வளர்ப்புக் கன்றும் சொட்டுநீருமாக வாழை. பல வயல்களில் தென்னை. சாலையோரத்தில் வரிசையாக நட்ட வீட்டுமனைக் கற்கள். ஒரு காலத்தில் மானாவாரியாகக் கிடந்த மேட்டு நிலத்துக்கு இப்போது 18-ஆம் கால்வாயும் பி.டி.ஆர். கால்வாயும் தண்ணீர் கொண்டுபோகின்றன. மேட்டில் பச்சை ஏற, ஆற்றோரத்து நஞ்சை மனையாகிக்கொண்டிருக்கிறது. மனசு கேட்பதில்லை.

நெல் ஏன் குறைந்தது என்று விவசாயியைக் கேட்டால், "ஆள் கிடைக்கல, எல்லாம் மலைக்குப் போகுது" என்பார். மலைக்குப் போகும் பெண்ணைக் கேட்டால், "கீழ வேலை இல்ல" என்பார். இரண்டும் உண்மைதான். நெல்லுக்கு மொத்தமாகச் சில நாட்கள்தான் ஆள் வேண்டும். அறுப்பையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆண்டில் பெரும்பகுதி ஆள் வேண்டும். ஆள் மேலே போகப் போக, ஆள் குறைவாகத் தேவைப்படும் தென்னைக்கு விவசாயி மாறுகிறார். அவர் மாற மாற, கீழே இருக்கும் வேலை இன்னும் குறைகிறது.

மலை கொடுத்ததையும் சொல்லவேண்டும். அங்கே கூலி பணமாகக் கைக்கு வருகிறது. அந்தப் பணம் ஓலைக் கூரையைக் காங்கிரீட்டாக மாற்றியது. மகளை நர்சிங் படிக்க வைத்தது. போடியும் ஏலக்காய் ஏலத்தால் வளர்ந்த ஊர்தான். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை – போடி ரயில் அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்தபோது ஊரே நிலையத்தில் கூடியதில் வியப்பில்லை.

ஆனால் மலைக்கு நடுவே ஒரு மாநில எல்லை இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துக் கேரளத்தோடு பிரச்சினை வெடித்தபோது சாலைகள் அடைபட்டன. தோட்டத்திலிருந்த நம் ஆட்கள் பயந்துபோய் ஊர் திரும்பினார்கள்; இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். 2020 ஊரடங்கில் மறுபடியும் எல்லை மூடியது. அங்கே பறிக்க ஆளில்லாமல் காய் உதிர்ந்தது, இங்கே அடுப்பு எரியவில்லை. தண்ணீரும் கூலியும் ஒரே மலையிலிருந்து வருகிற மாவட்டம் இது. அந்த மலையில் சண்டை வந்தால் முதல் அடி இந்தப் பெண்களுக்குத்தான்.

அதனால்தான் இரண்டு காரியங்களை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 14,707 ஏக்கரில் மிஞ்சியிருக்கும் நஞ்சையில் இனி ஒரு மனைக்கல்கூட ஊன்றக் கூடாது. தினமும் எல்லை தாண்டும் பெண்களுக்குப் பாதுகாப்பான வண்டியும், இரண்டு மாநிலமும் ஏற்கும் அடையாள அட்டையும் விபத்துக் காப்பீடும் வேண்டும். மழைநாளில் ஜீப் கவிழ்ந்த செய்தி வரும்போது மட்டும் அவர்களை நினைத்துக்கொள்வது நியாயமில்லை.

அன்று நான் ஏறிய ஜீப் லோயர்கேம்பைத் தாண்டியது. மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் அரையிருட்டில் தெரிந்தன. இன்னும் மேலே இரைச்சல் பாலம். சுரங்கத்திலிருந்து மிகுதித் தண்ணீர் வந்து விழும் சத்தத்தால் அந்தப் பெயர். அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த அந்த அக்கா சட்டென்று நிமிர்ந்து வெளியே காதைக் கொடுத்தார்.

"சத்தத்தைக் கேட்டியா தம்பி? இந்த வருசம் ரெண்டு போகம் எடுத்துருவாக."

அவருக்குக் கீழே ஒரு சென்ட் வயல்கூட இல்லை.